சிவப்புச் சைக்கிளுக்கு அம்மன் உத்தரவு

கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'முடிவெடுத்தல்' என்றொரு பாடம் நடத்துகிறேன். பதினேழு வருடமாக நடத்துகிறேன். பிரச்சினையைக் கண்டுபிடி, வழிகளைப் பட்டியலிடு, ஒப்பிட்டுப் பார், ஒன்றைத் தேர்ந்தெடு, அப்புறம் பின்வாங்காதே என்று பலகையில் வரிசையாக எழுதி அடியில் ஒரு கோடும் போடுவேன். கோடு போட்ட அதே கையோடு வீட்டுக்கு வந்து, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று தெரியாமல் இரண்டையும் வைத்து, போதாததற்குப் பொடியையும் எடுத்து வைப்பேன். என் மாணவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். (பாடப் புத்தகத்தையே படிக்காத பிள்ளைகள்.)

ஒரே ஒரு பொருள் விற்கிற கடைதான் எனக்கு ஒத்துவரும். பருத்திப்பால் கடை மாதிரி. போனோமா, குடித்தோமா, வந்தோமா என்று இருக்கும். இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. அப்படிப்பட்டவள் நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கக் கிளம்பினேன். இரண்டு சைக்கிளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சைக்கிள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நான் பின் சீட்டிலேயே வாழ்ந்தவள். முதலில் அப்பாவின் மொபெட், அப்புறம் தம்பியின் பைக், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பைக். உலகத்தை நான் பார்த்தது எல்லாம் யாராவது ஒருவருடைய முதுகுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எட்டிப் பார்த்துத்தான். இடையில் என் பெயரில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினோம். என் கணவர் செல்வம் சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். ஒரே மாதத்தில் அந்த ஸ்கூட்டரில் யூரியா மூட்டை ஏறிவிட்டது. மூட்டை முன்னால், அவர் நடுவில், நான் பழையபடி பின்னால்.

எங்கள் கல்லூரி உத்தமபாளையத்தில் இருக்கிறது. அங்கே விலங்கியல் நடத்தும் நூர்ஜஹான் மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தினமும் விடியற்காலையில் கியர் சைக்கிளில் கோம்பை வரை போய்த் திரும்புகிறவர். அவர்தான் ஒருநாள் ஆசிரியர் அறையில், பொங்கல் லீவு முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சைக்கிளில் மேகமலை ஏறலாமா என்று கேட்டார். ஆறு பேர் கை தூக்கினார்கள். ஏழாவதாக ஒரு கை உயர்ந்தது. யாருடைய கை என்று திரும்பிப் பார்த்தால் என்னுடையது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

"மலைக்கா? நீயா? மாடிக்குத் துணி காயப்போட ஏறுறப்பவே பாதில நின்னு வானத்தப் பாக்குற ஆளு."

அந்த நிமிடமே எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. மலைக்குப் போகிறேன். அடிவாரத்திலிருந்து உச்சித் தேயிலைத் தோட்டம் வரை எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் போய் நிற்கிறேன். அதற்கு மேல் எனக்கு அப்போது ஆசையே கிடையாது. ஆனால் மாடிப்படி விஷயத்தில் இவர் சொன்னதும் உண்மைதான் என்பதால், மலை ஏறுவதற்கென்றே செய்த பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்வது என்று திட்டம். நாம் மிதித்தால் கூடவே மோட்டாரும் மிதிக்கும். யாருக்கும் தெரியாது. (எல்லாருக்கும் தெரியும். வண்டிக்கு நடுவில் சுரைக்காய் அளவுக்குப் பேட்டரி இருக்கிறது.)

தேனியில் அந்த மாதிரி சைக்கிள் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். பரம்பரையாகச் சைக்கிள் வியாபாரம் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். நான், இவர், என் மாமியார் மூன்று பேரும் போனோம். மாமியார் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கப் போனாலும் அத்தை வருவார்.

கடையில் ஒரு வெள்ளைச் சைக்கிள் நின்றது. கையோடு எடுத்துப் போகலாம். நல்ல கனம், இருபத்தெட்டு கிலோ. இன்னொன்று சிவப்பு. அது கடையில் இல்லை, அண்ணாச்சியின் போனில் இருந்தது. வெள்ளையைவிட எட்டு கிலோ குறைவு, மோட்டார் பெடல் பக்கத்திலேயே இருப்பதால் மேட்டில் நன்றாக இழுக்கும், பேட்டரியும் பெரியது. ஆனால் பெங்களூரிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பாவிகள், விலையிலாவது வித்தியாசம் வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

வெள்ளையை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். நான் திரும்பி வரும்போது அண்ணாச்சியும் அத்தையும் டீ குடித்துக்கொண்டே ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அத்தை சீனி கம்மியாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இது எனக்கு அன்றைக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஒப்பிட்டேன். கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டேன். எடை, பேட்டரி, பிரேக், டயர் அகலம், சீட்டின் மென்மை என்று இருபத்திரண்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இரண்டும் சரிசமமாக வந்தது. சீட்டின் மென்மைக்கு ஒரு மதிப்பெண் கூட்டினேன், வெள்ளை ஜெயித்தது. வெள்ளை ஜெயித்ததும் சிவப்பின் மேல் ஆசை வந்தது. சிவப்புக்குக் கூட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் இவரிடம் கேட்டால், "ஒனக்கு எது பிடிக்குதோ அத வாங்கு" என்றார். மனைவியிடம் ஒரு மனிதன் சொல்லக்கூடிய மிகக் கொடூரமான வார்த்தை அது.

பதினோராவது நாள் அத்தைதான் சொன்னார்.

"ஏத்தா பரமு, இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு, பேசாம ஆத்தா கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவமா?"

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து நாரால் கட்டி, பூசாரியிடம் கொடுத்தால் அம்மன் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டிவிட்டு ஒன்றை எடுத்துத் தருவார். பிரித்தால் எந்தப் பூவோ அதுதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். கல்யாணம், நிலம், ஆபரேஷன் மாதிரி விஷயத்துக்குத்தான் எங்கள் பக்கம் இப்படிக் கேட்பார்கள். சைக்கிளுக்குக் கேட்ட முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

முடிவெடுத்தல் பாடம் நடத்துகிற நான் அதற்குச் சம்மதித்தேன். சம்மதித்தேன் என்ன, எனக்கு அப்பாடா என்றிருந்தது. பூவைப் பொட்டலம் கட்டவும் நான் மெனக்கெடவில்லை. நீ அடுப்பைப் பார், நான் கட்டிக்கொள்கிறேன் என்று அத்தையே கட்டினார். தெருமுனைக் காளியம்மன் கோயிலில் பூசாரி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தேன். செவ்வரளி. சிவப்புச் சைக்கிள். அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் செய்து சிவப்பைப் புக் செய்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவெடுத்த திருப்தியோடு தூங்கினேன். (எடுத்தது பூசாரி.)

மூன்று வாரம் போனது. அண்ணாச்சி வரும் புதன்கிழமை வந்துவிடும் என்றார். அந்தப் புதன்கிழமை கேட்டேன். பேட்டரி தனியாக வருகிறது, அடுத்த புதன் என்றார். அடுத்த புதன் கேட்டேன். பேட்டரி வந்துவிட்டது, இப்போது சைக்கிள்தான் வரவேண்டும் என்றார். அதற்கடுத்த புதன் லாரிக்காரர்கள் பிரச்சினை. அப்புறம் மழை. பெங்களூரில் மழையா என்று நான் செய்தியில் தேடிப் பார்த்தேன், அங்கே நல்ல வெயில். இத்தனைக்கும் அந்த மனிதர் ஒருநாள்கூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. "கண்டிப்பா வந்துரும் மேடம், கர்த்தர் கிருபையால" என்பார். கர்த்தரை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது?

கல்லூரியில் எல்லாரும் சைக்கிளோடு தயாராகிவிட்டார்கள். தினமும் ஒருவர், உங்கள் வண்டி வந்துவிட்டதா என்று கேட்பார். வீட்டில் இவர் கேட்கவில்லை, ஆனால் புதன்கிழமைதோறும் காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேனிக்குப் போகிற போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்த வெள்ளைச் சைக்கிள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது தெரியும். பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொன்ன வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி தலையைத் திருப்பிக்கொள்வேன்.

மலைக்குப் போக இரண்டே நாள் இருந்தபோது என் பொறுமை போய்விட்டது. வெள்ளையையே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஆத்தா வாக்கை மீறுவதாவது என்றார். அப்படியானால் மறுபடி பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கக் கூடாது என்று பூசாரி சொல்வார். நான்தான் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் ஆயிற்றே, கேள்வியை மாற்றினேன். சிவப்பு வராததால் வெள்ளையை எடுக்கலாமா, கூடாதா? வெள்ளைப் பூ வந்தால் எடுக்கலாம், சிவப்புப் பூ வந்தால் கூடாது. அத்தை இதற்கு ஒரு மணி நேரமாவது மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்த்தேன். ஏதோ யோசித்துவிட்டு, சரி கேட்டுப் பார் என்று சட்டென்று ஒத்துக்கொண்டார். அதுவும் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அவ்வளவு மண்டு நான்.

இந்த முறை பொட்டலத்தை நான் கட்டினேன்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன். அம்மனுக்கு முன்னால் நின்றபோது நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பூசாரி எடுத்துக் கொடுத்தார், பிரித்தேன், வெள்ளை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சப் பொட்டலத்தை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, காற்றில் பிரிந்துவிடுமோ என்று அங்கேயே நின்றேன். எங்கிருந்தோ ஓர் ஆடு வந்தது, பொட்டலத்தை நாரோடு தின்றுவிட்டுப் போனது. அந்த ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை தேனிக்குப் போய், சிவப்பை ரத்து செய்யத் தைரியம் வராமல், வெள்ளையையும் எடுத்துக்கொண்டு வந்தால், வாசலிலேயே அத்தை மறித்துவிட்டார். சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாதாம். சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடுகிறவரிடம் இதைப் பற்றி விவாதிக்க முடியாது. இது அலுமினியம் என்று சொல்லிப் பார்த்தேன். பெல் இரும்புதானே என்றார். வேறு வழியில்லாமல் சைக்கிளை இவருடைய உரக்கடையில் கொண்டுபோய் விட்டு, மூட்டைகளுக்கு நடுவில் சார்ஜ் போட்டுவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறட்டும் என்று இவரிடம் சொல்லவும் செய்தேன். ம் என்றார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு சொல்லும் ம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கடை திறந்தோம். அத்தை தட்டோடு வந்துவிட்டார். ஹேண்டிலுக்கு மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ட இடத்திலெல்லாம் சந்தனம் குங்குமம். ஹேண்டில் நடுவில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. வேகம், பேட்டரி எல்லாம் அதில்தான் தெரியும். அதைப் பார்த்ததும் வண்டியின் நெற்றி என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாலு விரலால் சந்தனத்தை அப்பி நடுவில் பொட்டும் வைத்துவிட்டார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் தெரு திரும்பியதும் துடைத்திருப்பேன். ஆனால் முந்தாநாள்தான் அம்மனை ஏமாற்றியிருக்கிறேன். சந்தனத்தில் கை வைக்கப் பயமாக இருந்தது.

எரசை என்ற ஊரைத் தாண்டியதும் கல்லூரிக் கூட்டம் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், நேரே எதிரில் மலை. மோட்டாரை உச்சபட்ச வேகத்தில் வைத்தேன். அடடா, என்ன ஓட்டம். எல்லாரையும் தாண்டினேன். தாண்டும்போது தேவையில்லாமல் பெல் அடித்தேன். சமதரையில் எதற்கு இவ்வளவு வேகம், மேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நூர்ஜஹான் மேடம் பின்னாலிருந்து சத்தம் போட்டார். பேட்டரி நிறைந்திருக்கிறவளுக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அடிவாரச் செக்போஸ்ட்டில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். மேகமலை ரோட்டில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். பலகை வரும்போதெல்லாம் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டேன். இருந்தாலும் முதல் மூன்று வளைவு சொர்க்கம். எனக்கு முன்னால் யாரும் இல்லை. நாலாவது வளைவின் பாதியில் மோட்டார் சத்தம் நின்றது. அதுவரை அது சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

இருபத்தெட்டு கிலோ. அதோடு மாலை. மிதித்துப் பார்த்தேன், பெடல் என்னைப் பார்த்தது. இறங்கித் தள்ளினேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று வானத்தைப் பார்த்தேன். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. வளைவில் அது நின்று திரும்புகிற நேரத்தில், ஜன்னலோரத்தில் இருந்த எஸ்டேட் அம்மா ஒருவர் என்னை ஆற அமரப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா, அதுல ஏறித்தான போகணும்? எதுக்குப் போட்டுத் தள்ளுற?"

பின்னால் விட்டுவந்த ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். யாரும் பெல் அடிக்கவில்லை, அது இன்னும் அவமானமாக இருந்தது. நூர்ஜஹான் மேடம் மட்டும் நின்று, சந்தனத்தைத் துடைத்துப் பாருங்கள் என்றார். மன்னிச்சுக்கோ தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு துடைத்தேன். காலியான பேட்டரிப் படம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. மேடம் துணைக்கு இருக்கிறேன் என்றார். நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். அவர் முதுகு வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் ஒரு முதுகு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இவருக்குப் போன் போட்டேன். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடச் சொன்னேனே என்று கத்தினேன்.

"போட்டுத்தான இருந்துச்சு. கடையப் பூட்டுறப்ப மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான வருவேன்? பதினஞ்சு வருசமா அப்படித்தான வர்றேன்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "செக்போஸ்ட்டுக்கு எறங்கி வந்துரு. நாங்க பக்கத்துல வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாங்க என்றால் யார்? வண்டியில் உட்கார்ந்து பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினேன். இறங்குவதற்குப் பேட்டரி தேவையில்லை.

செக்போஸ்ட்டில் உரக்கடையின் லோடு வண்டி நின்றது. முன் சீட்டில் அத்தை, மடியில் கோயில் கூடை. பின்னால், எப்போதும் மூட்டை ஏற்றுகிற இடத்தில், கயிறு கட்டி நிமிர்த்தி வைத்த ஒரு சைக்கிள். சிவப்பு. விடியற்காலை பார்சல் லாரியில் வந்துவிட்டதாம். சர்ச்சுக்குக் கிளம்பும் முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணாச்சி ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எத்தனையோ புதன்கிழமை வராத சனியன், நான் வெள்ளையை வாங்கிய மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சிவப்பை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். (நாங்கள் நின்றது அடிவாரம். உருட்ட இடமில்லை.)

அத்தை இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கிட்ட வந்ததும்தான் அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரமு, அன்னைக்கு நான் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூவத்தான்த்தா வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. இவருக்கும் புரியவில்லை. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுக்கச் சொன்னார்.

"செவப்பு வண்டி எங்க வரப்போகுது, ஒருத்தர் ஆறு மாசமாக் காத்துக்கெடக்காருன்னு டீக் குடிக்கிறப்ப அண்ணாச்சிதான் சொன்னாக. வராத வண்டிக்கு உத்தரவு வாங்கிப்புட்டா, நீ மலைக்குப் போகமாட்டேன்னு இருந்துட்டேன். மனசு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு, அதான் ரெண்டாவது வாட்டி ஆத்தாவே சொல்லட்டும்னு விட்டேன். இன்னைக்கு விடியங்காட்டியும் அது வந்து நிக்கிது. நான் பொய்யாக் கேட்டத ஆத்தா நெசமாக்கிப்புட்டா. அவ குடுத்த வண்டி இங்கன இருக்கு, நீ வேற வண்டில மல ஏறிக்கிட்டு இருக்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

ஏன் அத்தை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அங்கன எங்கயாச்சும் நீ உருண்டு விழுந்து கெடந்தேன்னா எனக்கு யாரு இருக்கா? இவனா?" என்று மகனைக் காட்டினார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதற்கு மேல் திட்டவும் முடியவில்லை. அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருந்தால் நான் நல்லவளாகவே தப்பித்திருப்பேன். ஊரில் அத்தை மட்டும்தான் மாட்டியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் அழுதுகொண்டு நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நந்தியாவட்டைக் கதையைச் சொல்லிவிட்டேன். ஆடு உட்பட.

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். செக்போஸ்ட்டிலிருந்த ஃபாரஸ்ட் கார்டு நோட்டை மூடி வைத்துவிட்டு மூன்று பேரையும் பார்த்தார். இவர்தான் விரலை மடக்கி மெதுவாகக் கணக்குப் போட்டார்.

"மொத வாட்டி ரெண்டும் செவப்பு. அடுத்த வாட்டி ரெண்டும் வெள்ள. அப்ப ஆத்தாகிட்ட நம்ம இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

கார்டுதான் முதலில் சிரித்தார். அப்புறம் இவர். சிரிப்பு அடங்கியதும் அத்தை கூடையைத் துழாவி, இரண்டு பூவும் கையோடு இருக்கிறது, இங்கேயே ஒரு கல்லை வைத்து இப்போதே ஒழுங்காகக் கேட்டுவிடலாமா, சிவப்பில் ஏறலாமா கூடாதா என்றார்.

"வேணாத்தை. நான் போறேன்" என்றேன்.

அதுவரை பதின்மூன்று வருடம் பாடம் நடத்தியதில் நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. நாலு வினாடிதான் ஆயிற்று. அட்டவணை போடவில்லை. சிவப்பை இறக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தேன். மிதித்ததும் அது மேட்டில் இழுத்த இழுப்பில் வெள்ளையை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. எதிரில் ரோடு, மலை, கொஞ்சம் மேகம். எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் லோடு வண்டியில் என் கணவரும் மாமியாரும் வந்தார்கள். வளைவுக்கு வளைவு அத்தை ஜன்னலில் தலையை நீட்டி மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அரை மணி நேரத்தை எனக்கு யார் என்ன கொடுத்தாலும் விற்க மாட்டேன்.

அரை மணி நேரம்தான். பெட்டியிலிருந்து பிரித்த புது வண்டியில் பேட்டரி பாதிகூட இருக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏழாவது வளைவில் அதுவும் நின்றது. தேயிலைத் தோட்டம் இன்னும் வெகுதூரம் மேலே இருந்தது. உச்சியிலிருந்து நூர்ஜஹான் மேடம் அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தபோது, நான் லோடு வண்டியின் பின்னால் இரண்டு சைக்கிளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சின்னமனூர் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடை கூட்டம். என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அந்த ரோட்டில்தான் இருந்தார்கள்.

வெள்ளையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பொட்டு வைத்த வண்டியை எப்படி மேடம் திருப்பி எடுக்கிறது என்று அண்ணாச்சி பணிவாகக் கேட்டார். இப்போது அது உரக்கடையில் இருக்கிறது. அதில் பூச்சிமருந்து டப்பாக்கள் ஊருக்குள் போய் வருகின்றன. சிவப்பில்தான் நான் கல்லூரிக்குப் போகிறேன். அதற்குப் பிறகு மேகமலைக்கு இரண்டு தரம் போய்விட்டேன், பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான்.

வீட்டில் யார் எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. சுகர் எல்லாம் நார்மல் என்று டாக்டர் சொன்னார் என்று இவர் வந்து நிற்பார். "ரெண்டு பொட்டலத்தையும் பிரி" என்பார் அத்தை. ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டியாக வேண்டும். செமினார் தேனியில்தான், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று நான் சொன்னாலும் அதே கதைதான்.

அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, அத்தையும் நானும் சேர்ந்து பொங்கல் வைத்தோம். வைத்தபோது பூசாரியிடம் காரணத்தையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கோயிலில் யார் பூக்கட்டிப் பார்க்க வந்தாலும், எடுக்காத பொட்டலத்தையும் தன் கண் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்கிறார். இது என்ன புது வழக்கம் என்று கேட்பவர்களிடம், காலேஜில் வேலை பார்க்கிற சைக்கிள்காரம்மா செய்த வேலை என்று வெள்ளைப் பூக் கதையை விலாவாரியாகச் சொல்கிறார். சிவப்புப் பூக் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அத்தை வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் பாயசம் கொடுத்து அனுப்புகிறார். அந்த வாளியை என் சிவப்புச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் நான்தான்.